மெத்தையில் படுக்கும் முன்: தாய்லாந்து மசாஜுக்காக ஆறு நாள்

நாள் 1: பாங்காக், மாலை

சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரம்தான். ஆனால் பெரும்பாலான விமானங்கள் நடுராத்திரிக்கு மேல் கிளம்புபவை. வந்து இறங்கும்போது தூக்கம் கெட்டிருக்கும், கால் கனத்திருக்கும், முதுகு பலகையாகியிருக்கும். இந்த நிலையில் நேராகப் போய் இரண்டு மணி நேர முழு உடம்பு மசாஜுக்குப் படுப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தப்பு. களைத்த தசையைப் பலமாக அழுத்தினால் அது இளகாமல் முறைத்துக்கொள்ளலாம். மறுநாள் கன்றிப்போன மாதிரி வலிக்கலாம்.

இன்றைக்குக் கால் மசாஜ் போதும். தாய்லாந்து மொழியில் நுவாட் தாவ். சாய்வு நாற்காலி, ஒரு மணி நேரம், பாங்காக் தெருக்கடைகளில் 250 முதல் 400 பாட் வரை. ஒரு பாட்டை நம் பணத்தில் இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலைக் கழுவித் துடைத்துவிட்டு, க்ரீம் தடவி, உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை உருவிவிடுவார்கள். நடுவில் ஒரு சின்ன மரக்குச்சி வெளியே வரும். உள்ளங்காலில் குறிப்பிட்ட இடங்களை அதன் முனையால் அழுத்துவார்கள். சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் ‘இது கல்லீரல், இது சிறுநீரகம்’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நாள் முழுக்க நடந்த காலுக்கு அந்தக் குச்சி நல்லது செய்கிறது, அது போதும். கடைசிப் பத்து நிமிடம் கழுத்துக்கும் தோளுக்கும்.

ஒரு எச்சரிக்கை. நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் கால் மசாஜும் வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அமுக்கினால் உறைந்த கட்டி நகர்ந்துவிடலாம். அதற்குப் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

கடையை எப்படிப் பார்த்து எடுப்பது? நம் ஊர்க் குடும்பங்கள் தயங்குவதே இதில்தான். நல்ல கடைக்கு முகப்புக் கண்ணாடி உள்ளே தெரியும்படி இருக்கும். கால் மசாஜ் நாற்காலிகள் வாசலைப் பார்த்தபடி கிடக்கும். விலைப்பலகை வெளியே இருக்கும். வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சட்டை போட்டிருப்பார்கள், அவர்களில் ஐம்பது வயதுக்காரர்களும் இருப்பார்கள். சுகாதாரத் துறையின் உரிமச் சான்று சுவரில் தொங்கும். 2016-ல் வந்த சுகாதார நிலையங்கள் சட்டப்படி அது கட்டாயம். கறுப்புக் கண்ணாடியும், தனியாகப் போகும் ஆண்களை மட்டும் கூப்பிடும் வாசலுமாக இருந்தால் அது வேறு வியாபாரம், நடையைக் கட்டுங்கள்.

நாள் 2: வாட் போ

வாட் போ பாங்காக்கின் பழைய புத்தர் கோயில். மெட்ரோவில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. படகில் வருபவர்களுக்குத் தா தியன் படித்துறை. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 300 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். 46 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தரைப் பார்க்கத்தான் கூட்டம் முழுக்க வருகிறது. பார்த்துவிட்டு எல்லோரும் அப்படியே வெளியே போய்விடுகிறார்கள். மசாஜுக்காக வந்தவர்களுக்கான விஷயம் அதற்கு அப்பால்தான் ஆரம்பிக்கிறது.

1767-ல் பர்மியப் படை பழைய தலைநகர் அயுத்தயாவை எரித்தபோது மருத்துவச் சுவடிகளும் பெருமளவு போயின. மூன்றாம் ராமா மன்னர் (1824–1851) இந்தக் கோயிலைப் புதுப்பித்தபோது, மிஞ்சிய அறிவைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதிக்கச் செய்தார். மருந்து, நோய், இலக்கியம் என 1,400-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். 2011-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இவை சேர்ந்தன. இதில் மசாஜுக்கென்று 60 படங்கள். மனித உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும், உடம்பெங்கும் கோடுகள், கோடுகளின் மேல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தக் கோளாறுக்கு அங்கே அழுத்த வேண்டும் என்று பக்கத்தில் எழுத்து. யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். வைத்திய ரகசியத்தைப் பொதுச்சுவரில் ஒட்டிய ராஜா!

அந்தக் கோடுகளுக்குத் தாய்லாந்து மொழியில் சென் என்று பெயர். முக்கியமானவை பத்து. முதல் மூன்றின் பெயரைக் கேளுங்கள்: இட்தா, பிங்கலா, சுமனா. நம் இடகலை, பிங்கலை, சுழுமுனைதான். நம் சித்த மருத்துவத்திலும் நாடி பத்துதான். பெயர்கள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை, உடம்பில் ஓடும் வழியும் ஒன்றல்ல. ஆனால் இந்தப் பெயர்களின் வேர் இந்தியாவிலிருந்து போனது என்பதில் சந்தேகமில்லை. தங்கள் வைத்தியத்தின் ஆதிகுருவாக அவர்கள் வணங்குவதும் புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகனைத்தான். மசாஜ் பள்ளிகளில் காலையில் பாடம் தொடங்கும் முன் அவர் பெயரைச் சொல்லிக் கைகூப்புகிறார்கள்.

கோயில் தோட்டத்தில் செயற்கைக் குன்றுகளின் மேல் தாடி வைத்த முனிவர் சிலைகள் உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்கும். ருஸி தத் தோன் என்பார்கள். ருஸி என்பது ரிஷியேதான். முதலில் எண்பது அளவில் வார்த்தார்கள், இன்று இருபத்துச் சொச்சம்தான் மிச்சம். ஒரு ரிஷி தன் கெண்டைக்காலைத் தானே அமுக்கிக்கொள்கிறார், இன்னொருவர் இன்னொருவர் மேல் ஏறி மிதிக்கிறார். மசாஜ் வாங்கும் முன் இவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டால் நாளை உங்கள் உடம்பை என்ன செய்யப்போகிறார்கள் என்பதில் அதிர்ச்சி இருக்காது.

வளாகத்தின் கிழக்குப் பக்கத்திலேயே மசாஜ் மண்டபங்கள் உண்டு. 1955-ல் தொடங்கிய பள்ளியைச் சேர்ந்தவை. எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். மெத்தைகள் வரிசையாகப் போட்டிருக்கும், தனியறை கிடையாது. வெளித்தெருவை விட விலை கூடுதல். கைத்திறன் நிச்சயம், அவசரமும் நிச்சயம். மதியத்துக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடும். கோயில் திறந்த கையோடு காலை எட்டரை, ஒன்பதுக்குப் போனால் நின்று நிதானமாகச் செய்வார்கள். காலையில் அவர்கள் கட்டைவிரலும் களைத்திருக்காது.

நாள் 3: இரண்டு மணி நேரம்

இன்றுதான் முழு மசாஜ். ஒரு மணி நேரத்துக்கு எடுக்காதீர்கள். பழைய முறைப்படி வேலையில் பாதி காலில்தான் நடக்கும். ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் கால் ஆனதும் முதுகை இரண்டு தட்டு தட்டி எழுப்பிவிடுவார்கள். ‘எனக்கு முதுகுதானே வலி, இவர் ஏன் காலையே பிடித்துக்கொண்டிருக்கிறார்?’ என்று எல்லோருக்கும் தோன்றும். தொடையின் பின்தசை இறுகியிருந்தால் அது இடுப்பெலும்பைக் கீழே இழுக்கும், வலி முதுகில் தெரியும். அதனால்தான் காலில் தொடங்குகிறார்கள்.

சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வயிறு நிறையப் பாட் தாய் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குடித்துவிட்டும் போகக் கூடாது. வலி உறைக்காது, எங்கே நிறுத்தச் சொல்வது என்று தெரியாது.

உள்ளே போனதும் கால் கழுவிவிடுவார்கள். தொளதொளப்பான பருத்திச் சட்டையும், இடுப்பில் மடித்துக் கட்டும் மீனவர் கால்சட்டையும் தருவார்கள். உடையோடுதான் மசாஜ், எண்ணெய் கிடையாது. எண்ணெய் வேண்டும் என்றால் அது வேறு வகை, வேறு விலை. மசாஜ் செய்பவரை மோ நுவாட் என்று அழைக்கிறார்கள். மோ என்றால் மருத்துவர். பெண்கள், பெண்ணே செய்ய வேண்டும் என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எங்கே வலி, எங்கே தொடக் கூடாது என்பதை ஒரு உடம்புப் படத்தில் குறிக்கச் சொல்லும் கடை நல்ல கடை.

தரையில் மெல்லிய மெத்தை. மல்லாந்து படுக்க வேண்டும். வழக்கப்படி ஆணுக்கு வலக்கால், பெண்ணுக்கு இடக்கால் முதலில். உள்ளங்கையை வைத்துக் கணுக்காலிலிருந்து தொடை வரை பூனை நடப்பது போல இரண்டு கையும் மாறி மாறி ஏறி இறங்கும். அடுத்தது கட்டைவிரல். அதன் பிறகு மறுபடி உள்ளங்கை. கை, விரல், கை: இதுதான் தாளம். தெரியாதவர் நேராகக் கட்டைவிரலால் குத்த ஆரம்பித்துவிடுவார். முதல் ஐந்து நிமிடத்திலேயே கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அந்தக் கட்டைவிரலைக் கொஞ்சம் கவனியுங்கள். விரல் அமுக்குவதில்லை. முழங்கை நேராக நிற்கும், தோள் அதற்கு நேர் மேலே வரும், மோ நுவாட் தன் இடுப்பிலிருந்து முன்னால் சாய்வார். உடம்பின் எடை கை வழியாக விரல் நுனிக்கு இறங்கும். மெதுவாக இறங்கி, ஐந்தாறு விநாடி நின்று, இறங்கிய மெதுவிலேயே எழும். பிறகு ஒரு கட்டைவிரல் அகலம் நகர்ந்து அடுத்த அழுத்தம். நாற்பத்தைந்து கிலோ கூட இல்லாத அம்மாள் எண்பது கிலோ ஆளை ஒரு நாளில் ஐந்து பேர் வீதம் பிடித்துவிட முடிவது இதனால்தான். கையை மடக்கி விரல் பலத்தால் அழுத்துபவருக்கு அரை மணியில் கை நடுங்கும், உங்களுக்கு அழுத்தம் ஊசி மாதிரி இறங்கும். முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் கூடாது. அந்த இடத்தில் சும்மா தடவிவிட்டுத் தாண்டிப் போக வேண்டும்.

தொடையும் வயிறும் சேரும் இடத்தில் உள்ளங்கையை ஊன்றி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடிப்பார்கள். அங்கே பெரிய தமனி ஓடுகிறது. கால் மெல்ல மரத்துப்போகும், கையை எடுத்ததும் வெந்நீர் ஊற்றியது போல் பாதம் வரை சூடு பாயும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதய நோய், ரத்த அழுத்தம், கால் நரம்புச் சுருட்டு உள்ளவர்கள் இதை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிறகு காலை நாலாம் எண் மாதிரி மடக்கி அமுக்குவது, பாதத்தால் உங்கள் தொடையை மிதித்துக்கொண்டே குதிகாலை இழுப்பது. ஒருக்களித்துப் படுக்கவைத்துப் புட்டத்துக்கும் தோள்பட்டைக்கும் முழங்கை. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இந்த ஒருக்களித்த நிலையில்தான் அதிகப் பலன். அவசரக் கடைகள் விட்டுவிடுவதும் இதைத்தான். குப்புறப் படுத்ததும் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல் தள்ளி மேலிருந்து கீழே வருவார்கள். எலும்பின் மேலேயே அழுத்தினால் உடனே வாயைத் திறங்கள். கடைசியில் உட்காரவைத்துத் தோள், கழுத்து, தலை, பின்னால் சாய்த்து ஒரு பெரிய இழுப்பு, கூப்பிய கையால் முதுகில் படபடவென்று தட்டல்.

நம் சித்த வைத்தியத்தில் தொக்கணம், அதாவது உடம்பு பிடித்துவிடும் முறை, ஒன்பது என்பார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். இந்த இரண்டு மணி நேரத்தில் முக்கால்வாசி வந்துவிடும்.

வாங்குபவர் செய்யும் தப்பு பெரும்பாலும் ஒன்றே: உதவி செய்வது. அவர் காலைத் தூக்கும்போது நீங்களும் தூக்குவீர்கள். இழுக்கும்போது எதிர்த்து இறுக்குவீர்கள். கை கால் அவருடையது என்று விட்டுவிடுங்கள், தூங்கும் குழந்தையின் கை மாதிரி கனமாகக் கிடக்கட்டும். இழுக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் வெளியே விட வேண்டும். நல்ல மோ நுவாட் உங்கள் மூச்சு வெளியே போகும் வரை காத்திருந்துதான் இழுப்பார்.

வாயை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. நம்மவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள், ‘வலித்தால்தான் வேலை செய்யும்’ என்று ஒரு நம்பிக்கை. மந்தமாகப் பரவி, அழுத்தம் எடுத்ததும் கரையும் வலி பரவாயில்லை. சுரீரென்று குத்துவதோ, கையிலோ காலிலோ மின்சாரம் போல ஓடுவதோ, விரல் மரப்பதோ நரம்பின் குரல். அப்போது சொல்ல அவர்கள் மொழியில் சில வார்த்தைகள்: ‘ஜெப்’ என்றால் வலிக்கிறது. ‘பாவ் பாவ்’ என்றால் மெதுவாக. ‘நக் நக்’ என்றால் இன்னும் அழுத்தி. ‘சபாய்’ என்றால் சுகம். கழுத்தைச் சொடக்கெடுக்க வந்தால் ‘கோ மை ஆவ்’, கழுத்து வேண்டாம். இந்தக் கடைசி வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விரல் சொடக்கில் ஆபத்தில்லை. கழுத்தைச் சட்டென்று திருப்புவதில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழியும் அபாயம் உண்டு, அரிதுதான் என்றாலும் அதை விடுமுறையில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள், தலை சுற்றும். சூடாக இஞ்சித் தேநீரோ வேறு மூலிகைத் தேநீரோ தருவார்கள், உட்கார்ந்து குடியுங்கள். செய்தவர் கையிலேயே 50 முதல் 100 பாட் கொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு 100-க்குக் குறையாமல். நீங்கள் கல்லாவில் கட்டும் பணத்தில் ஒரு பங்குதான் பல கடைகளில் அவருக்குப் போகிறது.

நாள் 4: ஓய்வு, இரவு ரயில்

இன்று மசாஜ் கிடையாது. நேற்று நன்றாக வேலை நடந்திருந்தால் தொடையும் தோளும் புதிதாக உடற்பயிற்சி செய்த மாதிரி வலிக்கும், ஓரிரு நாளில் போய்விடும். விலை மலிவு என்று தினமும் அழுத்திக்கொண்டால் தசைக்கு ஆற நேரம் இருக்காது. ஆழமாக அழுத்தும் முழு மசாஜ் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

யார் படுக்கவே கூடாது என்பதை இந்த இடைவெளியில் சொல்லிவிடலாம். காய்ச்சல் இருப்பவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், எலும்புத் தேய்மானம் முற்றியவர்கள், முதுகுத் தட்டு பிதுங்கியவர்கள், ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுபவர்கள். கடைசிப் பிரிவினருக்கு நல்ல கை பட்டாலும் நீலம் நீலமாகக் கன்றும். கர்ப்பிணிகள் அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் மட்டும், அதுவும் டாக்டரைக் கேட்டுவிட்டு. கடற்கரையில் தோல் வெந்து வந்தவர்கள் இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம்.

மாலையில் பாங்காக்கின் கிருங் தெப் அபிவாட் நிலையத்திலிருந்து வடக்கே சியாங் மாய் நகரத்துக்கு ரயில். தூங்கும் வசதியோடு பன்னிரண்டு, பதிமூன்று மணி நேரம். கீழ்ப் படுக்கை அகலம் அதிகம், வலிக்கும் உடம்போடு மேலே ஏற வேண்டாம்.

நாள் 5: சியாங் மாய், சுத்தியல்

அகழி சூழ்ந்த பழைய நகரத்துக்குள் எந்தச் சந்தில் திரும்பினாலும் மசாஜ் கடை. பாங்காக்கை விட மலிவு, கையும் நிதானம். பார்வையற்றவர்கள் நடத்தும் கடைகள் இங்கே உண்டு. சுளுக்கும் முடிச்சும் எங்கே என்று சொல்லாமலேயே அவர்கள் விரல் கண்டுபிடித்துவிடும். பெண்கள் சிறையின் தொழிற்பயிற்சி மையத்தில் விடுதலைக்குக் காத்திருக்கும் பெண்கள் மசாஜ் செய்கிறார்கள். காலையிலேயே நேரில் போய்ப் பெயர் கொடுத்தால் இடம் கிடைக்கும்.

வடக்கே வந்தவர்கள் பார்க்க வேண்டியது தோக் சென். வடக்குத் தாய்லாந்தில் முன்பிருந்த லன்னா நாட்டு முறை. புளிய மரத்தில் செய்த சின்னச் சுத்தியல், புளிய மரத்தில் செய்த ஆப்பு. ஆப்பின் மழுங்கிய முனையைச் சென் கோட்டில் வைத்துச் சுத்தியலால் தோக், தோக், தோக் என்று ஒரே சீராகத் தட்டிக்கொண்டே நகர்த்துவார்கள். தோக் என்றால் சுத்தியலால் தட்டுவது, சென் அந்தக் கோடு. இடி விழுந்த புளிய மரத்துக் கட்டைக்குத் தனி மவுசு. அடி வலிக்காது. அதிர்வு தசையின் அடி வரை, கட்டைவிரல் எட்டாத ஆழம் வரை போகும் என்பார்கள். எலும்பு, மூட்டு, கழுத்தின் முன்பக்கம் எதிலும் ஆப்பு படக் கூடாது. பட்டால் கண்ணில் பொறி பறக்கும். இரட்டை நாடி உடம்புக்காரர்களுக்கு இது சரியாக ஒத்துக்கொள்ளும். ஒல்லியானவர்களுக்கு அரை மணி நேரம் போதும்.

இன்னொன்று யாம் காங். காங் என்பது பழுக்கக் காய்ச்சிய கலப்பைக் கொழு. வைத்தியர் தன் குதிகாலை மூலிகை எண்ணெயில் தோய்த்து, கொழுவின் மேல் ஒரு தேய், அந்தச் சூட்டோடு உங்கள் முதுகில் ஒரு மிதி. எண்ணெய் பற்றிக்கொண்டு குப்பென்று ஒரு சுவாலை எழும். வாடிக்கையாளருக்குச் சூடு இதமாகத்தான் வரும், பார்ப்பவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். கைதேர்ந்தவரிடம் மட்டும். சுற்றுலாக் காட்சியாக நடத்தும் இடத்தில் வேண்டாம்.

நாள் 6: மூலிகைக் கிழி

கடைசி நாளுக்கு லூக் ப்ரகோப். நம் கிழி ஒற்றடத்தின் ஒன்றுவிட்ட தங்கை. துணியில் கட்டிய, கைப்பிடியுள்ள உருண்டை. உள்ளே இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ப்லை கிழங்குதான் பிரதானம். கூடவே மஞ்சள், எலுமிச்சைப் புல், மக்ரூட் எலுமிச்சைத் தோல், புளிய இலை, உப்பு, கற்பூரம். இட்லி வேக வைப்பது மாதிரி ஆவியில் கால் மணி நேரம், இருபது நிமிடம். இரண்டு உருண்டை வேண்டும். ஒன்று உடம்பில், ஒன்று ஆவியில். முதலில் தட்டித் தட்டி எடுப்பார்கள், சூடு தணியத் தணிய அழுத்தி உருட்டுவார்கள். தன் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் மேல் வைக்க வேண்டும். அதைச் செய்யாதவரிடம் ‘ரோன்’ என்று சொல்லுங்கள், சூடு. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவர்கள் காலில் வைக்க விடக் கூடாது. முடிந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் குளிக்காமல் இருந்தால் மருந்து தோலில் நிற்கும் என்பார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பாடு.

உலர்ந்த உருண்டைகள் சந்தையில் கிடைக்கும், ஊருக்குக் கொண்டுபோகலாம். வீட்டில் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு இட்லிப் பானையில் ஏற்றினால் போதும். பயன்படுத்தியதைக் காயவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு முறை வரும். பூஞ்சை பிடித்தாலோ மணம் போய்விட்டாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். பெட்டியில் அடுக்கும்போது இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். மஞ்சள் கசிந்தால் வெள்ளைச் சட்டை ஒன்றும் மிஞ்சாது.